பிரெஞ்சில் 98 வாங்கிவிட்டு பிரிட்டனுக்கு மொழி படிக்கப் போகிறவர்களுக்கு

விடுமுறைக்குக் காசிமேடு வந்தால் போதும், தெருவில் யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். "அண்ணா, அங்க போயி பிரெஞ்சு படிக்கிறன்னா அது இன்னாண்ணா படிப்பு?" போன மாசம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதில் ஒரு தங்கை செப்டம்பரில் கிளம்புகிறது. திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாமே என்றுதான் இது.

இன்னும் விண்ணப்பிக்காதவர்களுக்கு முதலில். ப்ளஸ் டூவில் மார்க் வரும் என்று பிரெஞ்சு எடுத்து 98 வாங்கியிருப்பீர்கள், நானும் அந்தக் கேஸ்தான். கேள்வி பதிலை மனப்பாடம் செய்தோமே தவிர வாயைத் திறந்ததில்லை. டெல்ஃப் பி2, அதாவது பிரெஞ்சு அரசு தரும் மொழித் தேர்வுச் சான்றிதழ், கையில் இருந்தால் பேச்சு வேறு: கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நான்குக்கும் தலா 25, மொத்தத்தில் 50 எடுத்தால் பாஸ், ஆனால் ஏதாவது ஒன்றில் 5-க்குக் கீழே போனால் எல்லாம் போச்சு. அதற்காக நான் ராயபுரத்தில் ஏறி, பீச்சில் வண்டி மாறி, நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸுக்கு எட்டு மாதம் அலைந்தேன். ஜெர்மனோ ஸ்பானிஷோ என்றால் பல பல்கலைக்கழகங்களில் அரிச்சுவடியிலிருந்தே சொல்லித்தருவார்கள், ஆனால் பெரும்பாலும் கூடவே ஏற்கெனவே படித்த ஒரு மொழியும் வேண்டும்.

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் தளம் யூகாஸ், அதில் ஐந்து இடங்களுக்குப் போடலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் 15-க்குள், மற்றவற்றுக்கு ஜனவரி வரை. விண்ணப்பத்தோடு ஏன் இந்தப் படிப்பு என்று நம்மைப் பற்றி எழுத வேண்டும், நான் எழுதும்போது அது ஒரே நீளக் கட்டுரை. 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. "சிறு வயதிலிருந்தே மொழிகள் மீது காதல்" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் உருதுவும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், நாஸ்தா என்பது உருது வழி வந்தது, சாவியும் ஜன்னலும் போர்ச்சுகீஸ். அதை எழுதுங்கள், அது வேறு யாரிடமும் இருக்காது.

சரி, வந்து இறங்கியாச்சு. விசாவோடு மருத்துவக் கட்டணமாக வருடத்துக்கு 776 பவுண்ட் கட்டியிருக்கிறீர்கள், அதனால் முதல் வாரமே பக்கத்து ஜி.பி.யிடம் (அங்கே முதலில் பார்க்க வேண்டிய பொது மருத்துவர்) பெயரைப் பதிந்துவிடுங்கள், ஜுரம் வந்தபிறகு ஓடாதீர்கள். பகுதிநேர வேலை, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

இனிமேல்தான் முக்கியமானது. பேச்சு வகுப்பில் முதல் நாள், வீட்டில் என்ன தொழில் என்று மேடம் கேட்டார். எங்கம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவங்க. பிரெஞ்சில் மீனுக்கு ஒரு சொல், குடிக்கிற பானத்துக்கு ஒரு சொல், இரண்டையும் தமிழில் எழுதினால் புவாசோன்தான், ஏனென்றால் நமக்கு இருப்பது ஒரே ப. உதட்டில் பஸ்ஸின் ப வருகிறதா பல்லின் ப வருகிறதா என்பதில்தான் வித்தியாசம், பதற்றத்தில் எனக்கு பஸ்ஸின் ப வந்துவிட்டது. "ஓ, பார் வைத்திருக்கிறார்களா?" என்றார் மேடம். அம்மா கேட்டிருந்தால் துடைப்பம்தான். அன்றைக்கு வெட்கப்பட்டு ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அதுதான் நான் செய்த பெரிய தப்பு, மீனைத் தப்பாகச் சொன்னது இல்லை. பேசினால்தான் மார்க், பேசினால்தான் வாய் பழகும். மீன் மார்க்கெட்டில் வளர்ந்துவிட்டு வாய்க்கென்ன பஞ்சம்?

இலக்கணத்தில் பயமே வேண்டாம். போகிறேன், போகிறாய், போகிறான் என்று ஆளுக்கொரு விகுதி போட்டுப் பழகிய நமக்கு பிரெஞ்சில் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறுவது பெரிய விஷயமில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இங்கிலீஷ் பையன்தான் தலையில் கை வைப்பான். ஜெர்மனில் வேற்றுமை நான்குதான், நம்மிடம் எட்டு. அங்கே துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும், நாம் எப்போதுமே அப்படித்தானே. நீ, நீங்கள் வித்தியாசமும் அங்கே உண்டு. பிரெஞ்சில் மேசை பெண்பால் என்பது மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

அப்புறம் வெளிநாட்டு வருடம். நான்கு வருடப் படிப்பில் பெரும்பாலும் மூன்றாவது வருடம் அந்த மொழி பேசும் நாட்டில் இருக்க வேண்டும். பிரிட்டன் விசாவைக் காட்டி பிரான்சில் தங்கிப் படிக்க முடியாது, தனியாக நீண்டகால விசா எடுக்க வேண்டும். கூடப் படிக்கும் பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கும் வேண்டும்தான், ஆனால் அவர்களிடம் கேட்காத காகிதம் நம்மிடம் கேட்பார்கள். பிரான்சில் அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர பிறப்புச் சான்றிதழும் வேண்டும். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, மாநகராட்சிச் சான்றிதழில் வெறும் இனிஷியல், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே இரண்டு மாதம் போனது. கிளம்பும் முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள், அசலைப் பெட்டியில் வையுங்கள். அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோ அங்கே செல்லாது.