விவசாயக் கோரிக்கையை நாடாளுமன்றத்தில் எழுப்புவது எப்படி?

எம்.பி.யிடம் கொடுக்கப்படும் விவசாய மனுக்கள் பல, சால்வையோடும் புகைப்படத்தோடும் முடிந்துபோகின்றன. எம்.பி.யின் அலட்சியம் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. ஒரே மனுவில் பத்துப் பன்னிரண்டு கோரிக்கைகள் இருக்கும். அவற்றில் பாதி சட்டமன்றத்தில் பேச வேண்டியவை. மீதியில் சில நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும். கூட்டத்தொடர் முடிய நான்கு நாள் இருக்கும்போது மனு கைக்கு வரும். அவையின் விதிகளுக்குப் பொருந்தும்படி ஒரே ஒரு விஷயத்தைச் சரியான அமைச்சகத்தின் பெயரில், சரியான நாளில் கொடுத்தால் எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்ற பேதமில்லாமல் அது பதிவாகும். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அமைச்சருக்கு வரும்.

முதலில், இது யார் கையில் இருக்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி வேளாண்மை, நிலம், நீர்ப்பாசனம் ஆகியவை மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஏரி தூர்வாரவில்லை, மும்முனை மின்சாரம் வரவில்லை, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குப் பணம் கேட்கிறார்கள் என்பதையெல்லாம் மக்களவைக்குக் கொண்டுபோனால், 'இது மாநில அரசின் பொறுப்பு' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். கேள்வியே அனுமதிக்கப்படாமலும் போகலாம். இவற்றுக்கு உங்கள் எம்.எல்.ஏ.வும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டமும்தான் சரியான இடம்.

மத்திய அரசின் கையில் இருப்பவை வேறு. குறைந்தபட்ச ஆதரவு விலை, கரும்புக்கான நியாயமான ஆதாய விலை, பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகள், உர மானியம், ஏற்றுமதித் தடை, சுரங்க ஏலம், எண்ணெய் எரிவாயு உரிமம், தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பு, சுற்றுச்சூழல் அனுமதி விதிகள் ஆகியவை இதில் அடங்கும். காடுகள் 1976இல் நடந்த 42ஆவது திருத்தத்துக்குப் பிறகு பொதுப்பட்டியலில் உள்ளன. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒரு மருந்துக்கு மாநில அரசு தற்காலிகத் தடைதான் போட முடியும். நிரந்தரத் தடை மத்திய அரசிடம் இருக்கிறது. காட்டுப்பன்றியைத் தீங்கு விலங்காக அறிவிக்கும் அதிகாரமும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 62இன்படி மத்திய அரசுக்கே.

அமைச்சகத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். அரசுக் கொள்முதலில் ஏற்கப்படும் நெல்லின் ஈரப்பத வரம்பு வேளாண் அமைச்சகத்தின் விஷயம் என்று எண்ணுகிறோம். அது நுகர்வோர் விவகாரம், உணவு மற்றும் பொது விநியோக அமைச்சகத்தின் பொறுப்பு. உரத்துக்குப் பொறுப்பு வேதிப்பொருள் மற்றும் உர அமைச்சகம். நூறு நாள் வேலை என்று பழகிப்போன ஊரக வேலைத் திட்டம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்துடையது. தவறான அமைச்சகத்துக்குப் போன கேள்வி இன்னொன்றுக்கு மாற்றப்படுவதற்குள் நாள் கடந்துவிடும்.

எப்போது கொடுப்பது?

நாடாளுமன்றம் வழக்கமாக ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது: ஜனவரி இறுதியில் தொடங்கும் பட்ஜெட் கூட்டத்தொடர், ஜூலையை ஒட்டி மழைக்காலக் கூட்டத்தொடர், நவம்பர்-டிசம்பரில் குளிர்காலக் கூட்டத்தொடர். கேள்விக்கு முழுமையாக 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்பட்ட அதே வாரத்தில் உங்கள் தாள் எம்.பி.யின் உதவியாளர் கையில் இருக்க வேண்டும். எந்த அமைச்சகம் எந்தக் கிழமையில் பதிலளிக்கும் என்ற பட்டியலும் அப்போதே வெளியாகும். அதைப் பார்த்து நாளைக் குறியுங்கள்.

பயிர்க்காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் மழையில் மாட்டும். ஈரப்பதத் தளர்வு பற்றிக் குளிர்காலக் கூட்டத்தொடரில் கேட்டால் நெல் ஏற்கெனவே முளைத்துப் போயிருக்கும். குறுவைக்கு மழைக்காலக் கூட்டத்தொடர், சம்பாவுக்குக் குளிர்காலக் கூட்டத்தொடர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியை எழுதுவது

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், துணைக்கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 மட்டுமே பட்டியலிடப்படும், அவற்றிலும் சிலவே வாய்மொழியாக எடுத்துக்கொள்ளப்படும். நட்சத்திரக் குறியில்லாத கேள்விகள் 230 வரை வரும். பதில் எழுத்தில் கிடைக்கும். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் இரண்டாவது வகையே மேல் என்பது எங்கள் கருத்து. அட்டவணையோடு வரும் எழுத்துப்பூர்வ பதிலை நாளை நீதிமன்றத்திலும் காட்டலாம், அதிகாரியின் மேசையிலும் வைக்கலாம்.

விதிகள் இவை: கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், குற்றச்சாட்டு, அடைமொழி, கருத்துக் கேட்டல் எதுவும் கூடாது. ஏற்கெனவே பதிலளிக்கப்பட்டதைத் திரும்பக் கேட்கக் கூடாது. நாடாளுமன்ற இணையதளத்தில் பழைய பதில்களைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வழக்கு நிலுவையில் உள்ள விஷயமும் ஆகாது. பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருந்தால் அந்தத் திட்டத்தின் சரி தவறைத் தொடாமல், அதற்கு அடிப்படையான பொது விதியையோ நாடு முழுமைக்குமான விவரத்தையோ கேளுங்கள்.

'டெல்டா விவசாயிகள் கண்ணீர் வடிக்கையில் மத்திய அரசு ஈரப்பதத்தைத் தளர்த்தாமல் வஞ்சிப்பது ஏன்?' என்று எழுதினால் அது மேடைக்குத்தான் பொருந்தும், அவைச் செயலகம் தள்ளிவிடும். அதே வேதனையை இப்படி எழுதலாம்:

நுகர்வோர் விவகாரம், உணவு மற்றும் பொது விநியோக அமைச்சர் தெரிவிப்பாரா:
(அ) நெல் கொள்முதலில் 17% ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோரிக் கடந்த 5 ஆண்டுகளில் தமிழ்நாடு அனுப்பிய கடிதங்கள், கிடைத்த தேதியுடன்;
(ஆ) ஒவ்வொன்றுக்கும் மத்தியக் குழு ஆய்வு செய்த தேதி, இடம், எடுத்த மாதிரிகளில் கண்ட ஈரப்பதம்;
(இ) ஒவ்வொரு கோரிக்கையிலும் எடுத்த முடிவு, அறிவித்த தேதி;
(ஈ) முடிவெடுக்கக் காலவரையறை உண்டா. இல்லையெனில் அதற்கான காரணம்?

இதில் கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கடிதம் கிடைத்த நாளுக்கும் முடிவு வந்த நாளுக்கும் நடுவே களத்தில் எத்தனை நாள் நெல் நனைந்தது என்பதை அமைச்சகமே தன் கையால் எழுதித் தர வேண்டியிருக்கும். தேதி கேட்பதுதான் இந்தக் கேள்வியின் உயிர். 'நடவடிக்கை எடுக்கப்பட்டதா?' என்று மட்டும் கேட்டால், 'தொடர்ந்து எடுக்கப்பட்டு வருகிறது' என்று பதில் வந்துவிடும்.

நோட்டீஸ் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். எனவே ஆங்கில வடிவத்தை நீங்களே தட்டச்சு செய்து, கோப்பாகவும் தாளாகவும் கொடுங்கள். அவையில் எம்.பி. தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பு வசதி உண்டு.

எந்தக் கேள்வி பட்டியலில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஓர் உறுப்பினர் பெயரில் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 5 கேள்விகளே வரும், நட்சத்திரக் கேள்வி ஒன்றுதான். ஒரே எம்.பி.யை நம்பாமல் பல கட்சி எம்.பி.க்களிடம் கொடுங்கள். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். தொகுதி எம்.பி. தட்டிக்கழித்தால் மாநிலங்களவை உறுப்பினரைத் தேடிப் போவதில் தவறே இல்லை.

நோட்டீஸ் தேதி தாண்டிவிட்டால்

மக்களவை விதி 377இன்கீழ் சுமார் 250 சொற்களில் ஓர் அறிக்கை தரலாம். ஒரு நாளில் 20 விஷயங்கள் எடுக்கப்படும். அமைச்சர் பிறகு எழுத்தில் பதில் அனுப்புவார். மாநிலங்களவையில் இதற்கு இணையானது சிறப்புக் குறிப்பு. இன்னும் அவசரமென்றால், அவசரப் பொதுப் பிரச்சினைகளை எழுப்ப ஒதுக்கப்படும் பூஜ்ய நேரம். அதற்கு அவை கூடும் முன்பே எம்.பி. நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கிடைக்கும் நேரம் மூன்று நிமிடத்துக்குள் இருக்கும். ஊர்ப்பெயர், பாதிக்கப்பட்ட பரப்பு, என்ன உத்தரவு வேண்டும் என்ற மூன்றும் முதல் நிமிடத்திலேயே வந்துவிடும்படி எழுதிக் கொடுங்கள். முன்னுரையில் திருக்குறள் வேண்டாம், மைக் அணைந்துவிடும்.

பட்ஜெட் கூட்டத்தொடரில், அமைச்சகம் தன் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையின்மேல், தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். குறிப்பிட்ட ஒரு குறையைச் சொல்லி 100 ரூபாய் குறைக்கக் கோருவது அடையாள வெட்டு. அது நிறைவேறாது, ஆனால் குறை அச்சில் ஏறும்.

அவையின் வேகத்துக்குக் காத்திருக்க முடியாத நேரங்களும் உண்டு. 2023 மார்ச் இறுதியில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய நிலக்கரிப் பகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வந்தன. ஏப்ரல் 4இல் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8இல் மூன்றும் நீக்கப்பட்டதாக அப்போதைய மத்திய நிலக்கரி அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். 15 நாள் நோட்டீஸ் அங்கே உதவியிருக்காது. காவிரி டெல்டாவுக்காகத் தமிழ்நாடு 2020இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கையில் இருந்ததால் மறுப்பைச் சட்டத்தோடு பேச முடிந்தது.

மசோதா வரும்போதே விழித்துக்கொள்ளுங்கள்

2023 ஜூலை, ஆகஸ்டில் சுரங்கம், கனிமச் சட்டத் திருத்தம் இரு அவைகளிலும் நிறைவேறியது. முக்கியக் கனிமங்களை மத்திய அரசே ஏலம்விடும் பிரிவு அதில் இருந்தது. டங்ஸ்டனும் அந்தக் கனிமப் பட்டியலில் உண்டு. அடுத்த ஆண்டு நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலம் முடிந்தது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியைச் சுற்றிய ஊர்கள் போராடிய பிறகு, 2025 ஜனவரி 23இல் அது ரத்தானது. மேலூர்ப் பகுதி மக்கள் வீதிக்கு வந்து வென்றார்கள். ஏலம் ரத்தான பிறகும் அந்தச் சட்டப் பிரிவு அப்படியேதான் இருக்கிறது.

மசோதா அறிமுகமானதும் அதைப் பதிவிறக்கி, பிரிவு வாரியாகப் படியுங்கள். எம்.பி.க்கள் அடங்கிய நிலைக்குழுவுக்கோ கூட்டுக்குழுவுக்கோ ஆய்வுக்கு அனுப்பப்பட்டால், செய்தித்தாளில் விளம்பரம் செய்து கருத்துக் கேட்பார்கள். அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். 'மசோதாவை எதிர்க்கிறோம்' என்று எழுதுவதால் பயனில்லை. எந்தப் பிரிவு, எந்தச் சொல், அதற்கு மாற்றாக எந்தச் சொல், ஏன் என்று எழுதுங்கள். நேரில் சாட்சியம் சொல்ல விருப்பம் என்பதையும் சேருங்கள். கொடுத்த குறிப்பு குழுவின் ஆவணம் ஆகிவிடும். அறிக்கை தாக்கலாகும் முன் அதை வாட்ஸ்அப்பில் பரப்பினால் அவை உரிமை மீறல் சிக்கல் வரும். 2020ஆம் ஆண்டின் மூன்று வேளாண் மசோதாக்களும் எந்தக் குழுவுக்கும் அனுப்பப்படாமலே நிறைவேறின. அப்படி நேர்ந்தால் திருத்தத்தின் வாசகத்தை எம்.பி.யிடம் கொடுத்து, விவாதத்துக்கு முதல் நாளுக்குள் நோட்டீஸ் தரச் சொல்ல வேண்டும்.

அவைக்கே வராத விதிகள்

சுற்றுச்சூழல் விஷயத்தில் பெரிய மாற்றங்கள் மசோதாவாக வருவது குறைவு. அரசிதழ் அறிவிக்கையாக வந்துவிடும். 2020 ஜனவரி 16இல் வந்த அப்படியொரு திருத்தம்தான் எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பை நீக்கியது. வரைவாக வந்தால் ஆட்சேபத்துக்கு வழக்கமாக 60 நாள் அவகாசம் உண்டு. அதே ஆண்டு வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை 22 மொழிகளில் தர டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆட்சேபத்துக்கான காலக்கெடுவும் ஆகஸ்ட் 11 வரை நீண்டது. தமிழ் வரைவு கேட்பது உங்கள் ஆட்சேபக் கடிதத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.

1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வகுக்கப்படும் விதிகள் 30 நாளுக்கு இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். அந்தக் காலத்துக்குள் மாற்றவோ ரத்து செய்யவோ கோரி எம்.பி. தீர்மானம் கொடுக்கலாம். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தமான உண்மை.

பதில் வந்த பிறகு

பதில் அன்றே இணையதளத்தில் ஏறும். 'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்', 'பரிசீலனையில் உள்ளது' என்ற சொற்களைக் கண்டால் விட்டுவிடாதீர்கள். இவை உறுதிமொழியாகக் கணக்கிடப்படும். அமைச்சகம் 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். கேள்வி எண், தேதியைக் குறித்துவைத்து, மூன்று மாதம் முடிந்ததும் அரசு உறுதிமொழிகள் குழுவுக்கு எம்.பி. வழியாக ஒரு கடிதம் கொடுங்கள். 'மத்திய அரசிடம் இந்த விவரம் பராமரிக்கப்படுவதில்லை' என்று பதில் வந்தால், அதே கேள்வியை மாநில அளவில் தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டு, கிடைத்த எண்ணோடு அடுத்த கூட்டத்தொடருக்குப் புதிய கேள்வி தயார் செய்யுங்கள். எல்லாம் தோற்றால், மக்களின் மனுக்களை ஆராயும் நாடாளுமன்ற மனுக்கள் குழு இருக்கிறது. மனுவில் கையொப்பமிடுவோர் முழுப்பெயர், முகவரியோடு இட வேண்டும். தமிழ் மனுவென்றால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பும், தாக்கல் செய்யும் எம்.பி.யின் மேலொப்பமும் வேண்டும்.