ஓடும் லாரியில் சக்கரம் கழன்றால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாரியில் சக்கரம் கழன்று ஓடும்போது அதை முதலில் பார்ப்பவர் பல சமயம் அந்த லாரியின் டிரைவர் அல்ல. பின்னால் இரண்டு ஆக்சில் உள்ள வண்டியில் ஒரு பக்கத்து ஜோடிச் சக்கரம் போனாலும், மீதமுள்ள ஆக்சில் எடையைத் தாங்கிக்கொள்ளும். வண்டி லேசாக ஒரு குலுங்கு குலுங்கும், அவ்வளவுதான். ஏதோ பள்ளத்தில் இறங்கி ஏறியது போல இருக்கும். எதிரே வருகிறவர் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார், பின்னால் யாரோ விடாமல் ஹாரன் அடிப்பார். அதற்குள் கழன்ற சக்கரம் லாரியையே முந்திக்கொண்டு போயிருக்கும்.

முந்திப் போவதில் ஆச்சரியமில்லை. லாரியில் இருந்த வேகம் அப்படியே சக்கரத்திலும் இருக்கிறது. லாரி வேகம் குறைகிறது, சக்கரத்துக்கோ பிரேக் கிடையாது. டயரும் ரிம்மும் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ. ஜோடியாக பிரேக் டிரம்மோடு போனால் இன்னும் மிக அதிகம். 80 கிலோமீட்டர் வேகத்தில் உருளும் ஒரு சக்கரம் மோதினால், அதே எடையை 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது எட்டு மாடிக்கு மேலிருந்து போட்டது போல. இது உருளும் சுழற்சியின் ஆற்றலைச் சேர்க்காத கணக்கு. நடுத் தடுப்பில் பட்டால் எகிறிக் குதித்து எதிர்ப்பக்கத்துக்கே போய்விடும். கழன்ற சக்கரத்தால் உயிர் போவது பெரும்பாலும் லாரியில் இருப்பவருக்கு இல்லை, ஒன்றும் அறியாமல் எதிரே வந்தவருக்கு. ஆகவே இதை “நம் வண்டிக்கு வந்த பிரச்சினை” என்று மட்டும் நினைப்பதே எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது.

முதல் சில விநாடிகள்

வண்டி ஒரு பக்கம் சாய்ந்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போகும். அந்தக் காலைத்தான் அடக்க வேண்டும். ஒரு மூலையில் சக்கரமே இல்லாதபோது ஓங்கி மிதித்தால் பிடிமானம் இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்காது, வண்டி பக்கவாட்டில் இழுக்கும். டிரெய்லர் இருந்தால் பின்பாதி முன்வண்டியைத் தள்ளி மடக்கிவிடக்கூடும். கழன்றது முன்சக்கரம் என்றால் இன்னும் மோசம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால்தான் வந்து விழும், தாங்க வேண்டிய இடத்தில் சக்கரம் இருக்காது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து வண்டியை நேராக வையுங்கள். முன்சக்கரம் போயிருந்தால் ஸ்டீயரிங் அந்தப் பக்கமே பலமாக இழுக்கும், எதிர்ப்பக்கம் அளவாகத் தாங்கிக் கொடுத்தால் போதும், வெட்டி இழுக்க வேண்டாம். அபாய விளக்குகளைப் போடுங்கள். வேகம் நன்றாக இறங்கிய பிறகு பிரேக்கை மென்மையாக, விடாமல் மிதியுங்கள்.

விட்டு விட்டு மிதிப்பதும் ஒரு தவறுதான். கழன்றபோது டிரம் சேர்ந்து போயிருக்கலாம், பிரேக் குழாய் அறுந்திருக்கலாம். காற்று பிரேக் வண்டியில் ஒவ்வொரு மிதிக்கும் காற்று செலவாகும், இங்கே அது ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும். அழுத்தம் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவுக்கு இறங்கும்போது எச்சரிக்கை ஒலிக்கும். இன்னும் இறங்கினால், காற்று இல்லாதபோது ஸ்பிரிங் விசையால் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் தானாகவே விழுந்து சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். எங்கே நிற்பது என்பதை அப்புறம் வண்டிதான் முடிவு செய்யும். கண் ஒருமுறை காற்று மீட்டருக்குப் போய் வரட்டும்.

“சாலையை விட்டு இறங்கினால் போதும்” என்று உடனே ஓரத்து மண்ணுக்கு ஒடிப்பது இன்னொரு தவறு. ஆக்சில் முனை மிருதுவான மண்ணில் குத்தினால் பாரம் ஏற்றிய வண்டி கவிழ்ந்துவிடும். வேகம் குறையும் வரை தார்ச்சாலையிலேயே நேராக வரட்டும். பிறகு கெட்டியான ஓரம் பார்த்து நகர்த்தலாம்.

நின்ற பிறகு

சக்கரத்தைத் தேடிச் சாலையைக் கடந்து ஓடாதீர்கள். வண்டிக்குப் பின்னால் நல்ல தொலைவில் எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள். அவசர உதவி எண்ணில் பேசும்போது லாரி நிற்கும் இடத்தை மட்டும் சொல்லாமல், சக்கரம் எந்தப் பக்கம் போனது என்பதையும் சொல்லுங்கள். இருட்டில் எதிர்ப்பக்கச் சாலையின் நடுவில் அது படுத்துக் கிடக்கலாம். அடுத்த விபத்து அங்கேதான் காத்திருக்கும்.

அடுத்தது, மற்ற சக்கரங்களிலிருந்து ஆளுக்கொரு நட்டைக் கழற்றி, கிடைத்த சக்கரத்தை மாட்டிக்கொண்டு “பக்கத்துப் பட்டறை வரைக்கும்” ஓட்டுவது. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சக்கரம் ஆடிக் கழன்ற ஹப்பில் (ரிம் மாட்டும் நடுப்பகுதி) மரை நசுங்கியிருக்கும், ரிம்மின் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். அந்த ரிம் இனி இறுகாது. நட் கொடுத்த சக்கரங்களும் பலம் குறைந்துவிட்டன. ஒரு சக்கரத்துப் பிரச்சினையை எல்லாச் சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்ததுதான் மிச்சம்.

கிடைத்த நட்டையும் உடைந்த ஸ்டட்டையும் (நட் ஏறும் மரையுள்ள தண்டு) தூக்கி எறியாதீர்கள், படமும் எடுத்து வையுங்கள். ஸ்டட் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாக, கருத்து, கடற்கரையில் அலை விட்டுப்போன கோடுகள் போல வளைவு வளைவாக இருக்கும். மீதி சொரசொரப்பாக, புதிதாகப் பளபளக்கும். கருத்த பகுதி நாள்கணக்கில் விரிசல் விட்டுக்கொண்டே வந்தது, பளபளப்பது கடைசி நொடியில் முறிந்தது. சக்கரம் “திடீரென்று” கழன்றதா என்பதற்கு அந்தத் துண்டே பதில் சொல்லும்.

சாலையில் நீங்கள் வேறு வண்டியில் போகிறீர்கள், முன்னால் லாரிச் சக்கரம் தள்ளாடுகிறது என்றால், சைகை காட்டுவதற்காக அதன் பக்கத்தில் ஒட்டிப் போகாதீர்கள். இடைவெளி விட்டுப் பின்னால் வந்து விளக்கும் ஹாரனும் கொடுங்கள்.

சக்கரம் ஏன் கழல்கிறது

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1992-ல் கனரக வண்டிகளின் சக்கரம் கழலுவதைத் தனியாக ஆராய்ந்து, இரண்டு காரணங்களை முன்னால் வைத்தது: நட் சரியாக முறுக்கப்படாதது, ஹப் சுழல உதவும் பேரிங் கெட்டுப்போவது. பட்டறையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 1997-ல் ஒரு சட்டமே போட்டது. அங்கே ஓடும் லாரியில் சக்கரம் கழன்றால், எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று வாதாடினாலும் எடுபடாது. அபராதம் 50,000 டாலர் வரை போகலாம். கடுமைதான். ஆனால் தகுந்த பராமரிப்பு இருந்தால் இது தவிர்க்கக்கூடியது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது, அது சரியென்றே நினைக்கிறேன்.

பேரிங் போகும்போது சக்கரம் ஹப்போடு சேர்ந்து வெளியேறும், நட் எல்லாம் இறுக்கமாகவே இருக்கும். சீல் கசிந்து, எண்ணெய் உள்பக்க ரிம்மில் வழிந்து தூசியோடு கருப்பாக அப்பியிருப்பது முதல் அறிகுறி. அதைத் துடைத்துவிட்டுப் போவது தவறு. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு விட்டு விட்டு எரிவதை “ஒயர் கோளாறு” என்று தள்ளுவதும் தவறு. பேரிங் தேய்ந்து ஹப் ஆடும்போது சென்சார் இடைவெளி மாறுவதால்கூட அந்த விளக்கு எரியும். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஒரு சுற்று நடந்து, புறங்கையை ஒவ்வொரு ஹப்புக்கும் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். எல்லாம் ஒரே சூடாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் அனல் வீசினால் வண்டி அங்கேயே நிற்கட்டும்.

நட் விஷயத்தில் எல்லாத் தவறுக்கும் வேர், “எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது” என்ற எண்ணம். நட்டை முறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது, ஒரு ஸ்பிரிங்கை இழுத்து வைத்தது போல. அது திரும்பச் சுருங்கப் பார்க்கும் விசைதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வே பாரத்தைச் சுமக்கிறது. அளவுக்கு மேல் முறுக்கினால் ஸ்பிரிங் போல இருந்த ஸ்டட் மிட்டாய் போல இழுபட்டுவிடும், திரும்பச் சுருங்காது. அப்போது நட் கைக்கு இறுக்கமாகத் தெரியும், பிடி மட்டும் இருக்காது.

22 மில்லிமீட்டர் ஸ்டட் உள்ள பல கனரக வண்டிகளுக்கு முறுக்கு அளவு 600 முதல் 700 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் ஏறக்குறைய 590 வரும். அதே ஆள் இரண்டு மீட்டர் பைப்பைச் செருகி நின்றால் 1,180, குதித்தால் இன்னும் மேலே. உடல் எடையை வைத்து முறுக்குவது எவ்வளவு குத்துமதிப்பு என்று பாருங்கள். காற்றழுத்தத்தில் நட் முறுக்கும் ஏர் கன்னும் அப்படித்தான், நட்டை உட்காரவைக்க அது போதும். கடைசி முறுக்கு, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில்தான், எதிர் எதிர் நட்டாக மாற்றி மாற்றி.

மாட்டும் முன் ஹப், ரிம், டிரம் முகங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காமல் விடுவது எல்லோரும் செய்வது. துரு, மண், தடித்த பெயின்ட் எதுவானாலும் ஓட ஓட நசுங்கும். நசுங்கும் ஒவ்வொரு துளிக்கும் ஸ்டட்டின் இழுவிசை குறையும். தட்டை முக நட் வேண்டிய இடத்தில் உருண்டை முக நட்டைப் போடுவதும், ஸ்டீல் ரிம்முக்கான ஸ்டட்டில் தடித்த அலாய் ரிம்மை மாட்டுவதும் ஆபத்து. பழைய வண்டிகள் சிலவற்றில் இடப்பக்கம் இடதுமரை இருக்கும், பழக்க தோஷத்தில் கழற்றுவதாக நினைத்து இறுக்கி ஸ்டட்டை முறித்துவிடுவார்கள். ஒரு ஸ்டட் உடைந்திருந்தால் அதன் இரண்டு பக்கத்து ஸ்டட்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றின் பாரத்தை அவைதான் சுமந்தன. ஒன்றுக்கு மேல் உடைந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் அனைத்தையும் மாற்ற வேண்டும்.

நட்டின் மேல் மாட்டும் மஞ்சள் அம்புக்குறி மூடிகள் நல்ல ஏற்பாடு. ஆனால் அவை நட் சுற்றியதா என்று மட்டுமே காட்டும். நட் சுற்றாமலேயே பிடி தளரலாம். நட்டுக்கு அடியிலிருந்து ரிம்மில் துருக்கோடு வழிந்திருந்தால், துளையைச் சுற்றி உலோகம் தேய்ந்து பளபளத்தால், அம்பு நேராக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். நன்றாக ஓடிய பிறகு தளர்ந்த நட்டைக் கண்டால் அப்படியே முறுக்கிவிட்டுப் போகவும் கூடாது. சக்கரம் ஏற்கெனவே ஆடியிருக்கிறது, கழற்றித் துளைகளைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும், புதிதாக மாட்டிய சக்கரம் ஓடத் தொடங்கியதும் கொஞ்சம் அமரும். அதனால்தான் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் மறுமுறை முறுக்கச் சொல்கிறார்கள். மிக அதிகமாக விட்டுப்போகும் வேலையும் இதுதான். சக்கரம் மாட்டிய மெக்கானிக் வண்டியோடு வருவதில்லை. நூறாவது கிலோமீட்டரில் அங்கே இருப்பது டிரைவர் மட்டும்தான், அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டயர் மாற்றிக் கிளம்பும்போதே மீட்டரில் உள்ள எண்ணோடு 100 கூட்டி, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்குக்கு நேரே ஒட்டிவிடுங்கள். அந்த எண் வந்ததும் வண்டியைச் சமதளத்தில் ஓரங்கட்டி, டார்க் ரெஞ்சோடு இறங்குங்கள். ஒரு சக்கரத்துக்குப் பத்து நட், சில நிமிட வேலை. முடித்த பிறகு தாளைக் கிழியுங்கள், அதற்கு முன் வேண்டாம்.