தெர்மோஸ்டாட் யார் பேச்சைக் கேட்கும்?

"24 வைத்தேன், திரும்பிப் பார்ப்பதற்குள் 22 ஆகிவிட்டது" என்று ஏசி பற்றிப் புகார் வந்தால் நான் முதலில் லேப்டாப்பைத் திறப்பதில்லை. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் செட்பாயின்ட்டை, அதாவது அறைக்குக் கேட்கும் வெப்பநிலையை, இரண்டு டிகிரி ஏற்றிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி அங்கேயே நிற்பேன். ஒரு நிமிடத்துக்குள் பழைய எண் திரும்பினால், பிஎம்எஸ் (கட்டடத்தின் இயந்திரங்களை நடத்தும் மையக் கணினி அமைப்பு) விடாமல் அதே மதிப்பை எழுதிக்கொண்டிருக்கிறது. முழு மணி அடிக்கும்போது மட்டும் மாறினால் ஷெட்யூலைப் பாருங்கள். பட்டனை அழுத்தியும் எண் அசையவே இல்லையா? கீபேட் லாக் போட்டிருக்கும், அல்லது செட்பாயின்ட் ஏற்கெனவே அனுமதித்த உச்ச வரம்பில் இருக்கும்.

அடுத்தது பிரையாரிட்டி அரே, அதாவது யார் கட்டளை முந்தும் என்று சொல்லும் முன்னுரிமைப் பட்டியல். கட்டடக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழியான பேக்நெட் தரநிலையை ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கம் 1995-இல் வெளியிட்டது. அதில் கட்டளை ஏற்கும் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் (செட்பாயின்ட் போன்ற ஒரு மதிப்பு) 16 வரிசைகள் உண்டு. எண் சிறியதானால் அதிகாரம் பெரியது. 1, 2 உயிர்ப் பாதுகாப்புக்கு. 5 முக்கியமான இயந்திரங்களைக் காக்க. 6 இயந்திரம் குறைந்தது இவ்வளவு நேரம் ஓடவோ நிற்கவோ வேண்டும் என்பதற்கு. 8 ஆபரேட்டர் கையால் கொடுப்பதற்கு. வரிசை எண் சொல்லாமல் எழுதினால் 16-இல் போய் உட்காரும்.

நான் பார்த்தவரை பெரும்பாலான தகராறு 8-இல்தான். யாரோ ஒரு மீட்டிங்குக்காக 22 கொடுத்திருப்பார். மீட்டிங் முடிந்திருக்கும், 22 அப்படியே இருக்கும். ஷெட்யூல் 16-இல் பகலுக்கு 25, இரவுக்கு 28 என்று எழுதிக்கொண்டே இருக்கும், கேட்க ஆளில்லை. உடனே 8-இல் 25 எழுதிவிடாதீர்கள். அது பழைய ஓவர்ரைடு (கையால் திணித்த மதிப்பு) இருந்த இடத்தில் புது ஓவர்ரைடு, அவ்வளவுதான். 8-இல் நல் (null, அதாவது 'மதிப்பே இல்லை') எழுதுங்கள். நல் வேறு, பூஜ்யம் வேறு. பூஜ்யம் எழுதினால் நீங்கள் கேட்பது பூஜ்ய டிகிரி. நல் எழுதினால் அந்த வரிசை காலியாகி, கீழே இருப்பவர் பேச்சு எடுபடும். சில மென்பொருளில் இதற்கு ரிலீஸ் என்று பட்டன் இருக்கும், சிலவற்றில் ஆட்டோ.

பதினாறும் காலியானால் ரிலின்குவிஷ் டிஃபால்ட் என்ற இயல்பு மதிப்பில் உள்ள எண் ஓடும். கமிஷனிங்கின்போது (புது அமைப்பைச் சோதித்து ஒப்படைக்கும்போது) அதை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள்.

சுவரில் பட்டனை அழுத்தினால் எந்த வரிசை மாறுகிறது என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். அரேயைத் திரையில் வைத்துக்கொண்டு, இன்னொருவரை அழுத்தச் சொல்லுங்கள். அரேயே இல்லாத செட்பாயின்ட்களும் உண்டு. அங்கே கடைசியாக எழுதியவர் ஜெயிப்பார். மோட்பஸ் என்ற இன்னொரு தொடர்பு முறை எப்போதுமே அப்படித்தான். முன்னுரிமை என்ற பேச்சே அதில் கிடையாது. இந்த மாதிரி கருவிகளுக்கு மதிப்பு மாறும்போது மட்டும் எழுதும்படி பிஎம்எஸ்ஸை அமையுங்கள். ஓயாமல் எழுதினால் அறையில் இருப்பவர் வைத்தது அழிவது ஒரு பக்கம். ஒவ்வொரு முறையும் ஈஈபிராமில் (கரென்ட் போனாலும் அழியாத மெமரி) சேமிக்கும் ரகமாக இருந்தால் அந்த மெமரியும் தேய்ந்துபோகும், அதற்கு எழுதும் ஆயுள் அளவானது.

முழு கீபேட் லாக் எனக்குப் பிடிக்காது. லாக் போட்ட இடத்தில் தெர்மோஸ்டாட்டை ஏமாற்ற சென்சார் மேல் ஈரத்துணி தொங்கும், அல்லது அட்டை ஒட்டியிருக்கும். குளிரூட்டலுக்கு நான் வைக்கும் ஏற்பாடு இது: அடிப்படை செட்பாயின்ட் பிஎம்எஸ் கையில், அறையில் இருப்பவருக்கு அதிலிருந்து இரண்டு டிகிரி மேலே கீழே நகர்த்தும் உரிமை. ஆள் இல்லாத நேரத்தில் யாராவது பட்டனை அழுத்தினால் இரண்டு மணி நேரம் ஆள் இருக்கும் நிலைக்குப் போய், தானாகத் திரும்ப வேண்டும். அன்றைய ஷெட்யூல் முடியும்போது அந்த நகர்த்தலும் பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நேற்று உட்கார்ந்தவரின் விருப்பம் இன்று உட்காருபவர் தலையில் விழும்.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கியும் பாருங்கள். பகலில் பிடுங்கினால் போதாது. ஆள் இல்லாத நிலையில், செட்பாயின்ட் 28-இல் இருக்கும்போது பிடுங்குங்கள். தொடர்பு போனால் சில தெர்மோஸ்டாட் கடைசி மதிப்பையே பிடித்துக்கொள்ளும், சில குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தன் சொந்த ஷெட்யூலுக்கு மாறும். முதல் ரகமாக இருந்தால், ஞாயிறு இரவு கேபிள் அறுந்தது திங்கள் காலை எல்லாரும் வியர்க்கும்போதுதான் தெரியவரும். தொடர்பு போனதற்கு ஓர் அலாரம் கண்டிப்பாக வையுங்கள். கரென்ட்டையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, அரேயில் எது மிஞ்சியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தீ எச்சரிக்கைக்கு ஃபேனை நிறுத்துவது மட்டும் நேரடி வயரில் இருக்கட்டும். நெட்வொர்க்கை அதற்கு நம்பக் கூடாது.

வாரம் ஒருமுறை, 8-இல் நல் தவிர வேறு எது இருந்தாலும் அந்தப் பாயின்ட்களைப் பட்டியலாக எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் கொடுத்தது, எதுவரைக்கும் என்று கேளுங்கள். பதில் இல்லாதவற்றை ரிலீஸ் செய்துவிடுங்கள்.