சிங்கப்பூர்க் கலை வாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழி

2013-லிருந்து சிங்கப்பூரில் ஜனவரி வந்தால் கலை வாரமும் வந்துவிடும். அரும்பொருளகம், கேலரி, கிடங்கு, தெரு என்று ஊர் முழுக்கக் கண்காட்சிதான். "நவீன ஓவியம் எல்லாம் நமக்குப் புரியாதுப்பா" என்று ஒதுங்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். புரியும். ஆனால் தொடங்குகிற இடம் சரியாக இருக்க வேண்டும்.

1. ஜாதிக்காயில் தொடங்குங்கள்

ஆர்ச்சர்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஐயான் கடைத்தொகுதியின் வாசலுக்கு வாருங்கள். குமாரி நாகப்பன் 2009-ல் செய்த பெரிய வெண்கல ஜாதிக்காய் அங்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. என் சித்தியை அழைத்துப் போனபோது, பிளந்த காயைப் பார்த்ததுமே, "ஜாதிபத்திரிதானே, பிரியாணிக்குப் போடுவோமே" என்றார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்து நிமிடம் நின்று மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதனால் செய்தது? ஏன் இவ்வளவு பெரிசு? ஏன் இங்கே? மூன்றாவதுதான் முக்கியம். 19-ஆம் நூற்றாண்டில் ஆர்ச்சர்ட் வட்டாரம் ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்தது. 1850-களில் நோய் தாக்கி மரங்கள் அழிந்தன. அதே மண்ணில் இன்று கடைத்தொகுதிகள். இது தெரிந்தபின் அந்தக் காயை வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியாது.

2. ஒரு நாளைக்கு ஒரே வட்டாரம்

முதல் நாளுக்கு நகர மண்டபம் பக்கம் போதும். பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபக் கட்டடத்தையும் இணைத்து 2015-ல் திறந்த தேசியக் கலைக்கூடத்துக்குப் பிற்பகலில் போங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது அனுமதி இலவசம், மற்றவர்களுக்குக் கட்டணம் உண்டு. இருட்டியதும் வெளியே வந்தால், 'லைட் டு நைட்' விழாவில் கட்டடச் சுவர்களின்மேல் ஒளிச்சித்திரங்கள் ஓடும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதையாவது தவறவிட வேண்டாம்.

3. அப்புறம், கிடங்கு

எனக்கு மிகவும் பிடித்த இடம் தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க். துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கு அது. 2022-லிருந்து சிங்கப்பூர் ஆர்ட் மியூசியம் இங்கே கண்காட்சி நடத்துகிறது. உயரமான கூரை, கனமான பொருளையும் ஏற்றும் சரக்கு லிஃப்ட், சுற்றிலும் கன்டெய்னர்கள். ஓர் அறையையே நிறைக்கும் படைப்புகளை இப்படிப்பட்ட இடத்தில்தான் நிம்மதியாக நிறுத்த முடியும். இங்கேயும் "ஏன் இங்கே?" என்று கேட்டுப் பாருங்கள்.

4. கேலரிக்குள் தயங்காமல் நுழையுங்கள்

அதே கட்டடத்தில் காஜா கேலரி போன்ற தனியார் கேலரிகளும் உண்டு. பொதுவாக நுழைவுக் கட்டணம் கிடையாது, வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். "சும்மா பார்க்க வந்தேன்" என்றாலே போதும். படைப்புகளின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிடித்த ஒன்றைப் பற்றி மட்டும் மேசையில் இருப்பவரிடம் விசாரியுங்கள். ஆர்வத்தோடு கேட்டால் பெரும்பாலும் நின்று நிதானமாகச் சொல்வார்கள். திங்கட்கிழமை பல கேலரிகளுக்கு விடுமுறை, பார்த்துப் போங்கள்.

மரினா பே சேண்ட்ஸில் நடக்கும் 'ஆர்ட் எஸ்ஜி' கலைச் சந்தைக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரே கூடத்தில் அத்தனை படைப்புகளைப் பார்த்தால் புதியவர்களுக்குக் கண் சோர்ந்துவிடும். முதல் வருடம் அதை விட்டுவிட்டு, டிஸ்ட்ரிபார்க்குக்கே இன்னொரு முறை போங்கள்.