பட்டினிக்கும் பெருந்தீனிக்கும் நடுவே சிக்கியவர்களுக்கு: திரும்பச் சாப்பிடத் தொடங்குவது எப்படி

இரவு பதினொன்றரை மணி. காலையில் ஒரு கோப்பி ஓ, மதியம் ஒன்றுமில்லை என்று பகலைத் தள்ளியவர், அடுப்படி விளக்கைக்கூடப் போடாமல் ஐஸ்பெட்டியைத் திறக்கிறார். மிஞ்சிய சோறு, பிஸ்கட் டின், தங்கைக்கு வாங்கி வைத்த கேக். நின்றுகொண்டே, ருசி தெரியாமலே, வயிறு வலிக்கும்வரை உள்ளே போகிறது. முடிந்ததும் தாள்களைக் குப்பைத்தொட்டியின் அடியில் அமுக்கிவிட்டு, "நாளைக்குத் தண்ணி மட்டும்தான்" என்று முடிவெடுக்கிறார்.

அறுக்க வேண்டிய கண்ணி அந்த முடிவுதான். ராத்திரி தின்பதை மட்டும் நிறுத்தப் பார்த்தால் நடக்காது, ஏனென்றால் அதற்கு எரிபொருள் பகல் பட்டினி. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் திடமான 36 இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சிலர் சமையல் குறிப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பிறகு தாராளமாகச் சாப்பிட விட்டபோது, வயிறு முட்டியும் நிறுத்த முடியாமல் சிலர் தவித்தார்கள். மன உறுதி இல்லாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. உங்களையும் சொல்ல முடியாது.

ஆகவே முதல் வேலை, பெருந்தீனிக்கு மறுநாள் காலையில் பசியாறுவது. வயிறு கனமாக இருந்தாலும், வெட்கமாக இருந்தாலும், இரண்டு இட்லியும் சாம்பாரும், அல்லது ரொட்டியும் முட்டையும். இந்த ஒரு வேளையை விட்டால் சுழல் மறுபடி ஓடத் தொடங்கும்.

அதன்பின் கடிகாரத்தை நம்புங்கள். பல மாதம் பட்டினியும் பெருந்தீனியுமாக இருந்த உடம்பில் பசியும் நிறைவும் சரியாகத் தெரியாது. "பசித்தால் சாப்பிடலாம்" என்பது இப்போது உதவாது. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறு தீனி, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. காலை 7:30, 10:30, மதியம் 1:30, மாலை 5, இரவு 8 என்று வைத்துக்கொள்ளலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் என்றால் எழுந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முதல் வேளை. அளவு, வீட்டில் மற்றவர் தட்டில் இருப்பதுதான்: சோறு, ஒரு காய், பருப்போ மீனோ முட்டையோ. சாப்பாட்டை எடைபோட்டுப் பார்க்க வேண்டாம். எடை பார்க்கும் கருவியையும் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முதல் சில வாரம் வயிறு உப்பும், இரண்டு கவளத்திலேயே நிறைந்த மாதிரி இருக்கும். பட்டினியில் இரைப்பை மந்தமாகிவிட்டதால் வருவது அது. பலர் இங்கேதான் பயந்து விட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து சாப்பிட்டால் சரியாகும்.

ஒரு சின்ன நோட்டு வையுங்கள்: நேரம், என்ன சாப்பிட்டது, எங்கே, அப்போது மனம் எப்படி. கலோரி எழுதக் கூடாது. ஒரு வாரம் கழித்து, கட்டுமீறிய ஒவ்வொரு இரவுக்கும் முந்தைய ஆறு மணி நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே விடுபட்ட ஒரு வேளையோ, ஒரு சண்டையோ, தனிமையோ இருக்கும். "தொடவே மாட்டேன்" என்று ஒதுக்கிய ரொட்டி சானாய் போன்றவற்றைச் சில வாரம் கழித்து, பகலில், நம்பிக்கையான ஒருவரோடு உட்கார்ந்து, ஒன்று சாப்பிட்டுப் பழகுங்கள். தடை விலகியதும் அதன் பிடி தளரும்.

விரதத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ காவடி எடுப்பவர்கள் 48 நாள் சைவமாக இருப்பது வேறு. பட்டினியை மறைக்க விரதம் ஒரு போர்வையாவது வேறு. விரதம் முடிந்ததும் நிம்மதி வருகிறதா, இன்னும் இரண்டு நாள் நீட்டலாமே என்று மனம் கேட்கிறதா? இரண்டாவது என்றால் இந்த ஆண்டு வேளை தவறாமல் சாப்பிட்டே நேர்த்திக்கடனைச் செய்யுங்கள்: பால்குடம் எடுக்கலாம், தண்ணீர்ப்பந்தலில் பரிமாறலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

கந்த சஷ்டியின் ஆறு நாளும் தண்ணீரும் பாலுமாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாத உடம்பில் திடீரென்று மாவும் சீனியும் இறங்கினால் இன்சுலின் எகிறும். இரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுச் சரியும். இதயத்துடிப்பு தடுமாறி உயிரே போகலாம். விரதம் முடிக்கும் பாரணைக்குக் கேசரியும் பாயசமும் குவித்து வைக்கும் வழக்கம் இவர்களுக்கு ஆபத்து. முதல் இரண்டு நாள் வழக்கத்தில் பாதி அளவு, சிறுசிறு வேளைகளாக. ஏற்கெனவே மிக மெலிந்தவர், மது பழக்கம் உள்ளவர், பத்து நாளுக்கு மேல் சாப்பிடாதவர் யாரும் வீட்டிலேயே திரும்பச் சாப்பிடத் தொடங்க வேண்டாம். மருத்துவமனையில் இரத்தம் பார்த்து, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, பிறகுதான் சாப்பாடு.

இனிப்புநீர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது. நடுக்கம், வியர்வை, குழப்பம், இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியில் லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

வாந்தி எடுப்பவர்களும் பேதி மாத்திரை போடுபவர்களும் பொட்டாசியத்தை இழக்கிறார்கள். எடை சாதாரணமாக இருக்கும், முகம் தெளிவாக இருக்கும், இதயம் மட்டும் ஆபத்தில் இருக்கும். பேதி மாத்திரை தண்ணீரையும் உப்பையும்தான் வெளியேற்றுகிறது. சத்து பெரும்பாலும் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். வாந்திக்குப் பின் உடனே பல் துலக்கினால் அமிலம் பட்ட எனாமல் தேயும், தண்ணீரால் கொப்பளியுங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மூச்சு வாங்குதல், வாந்தியில் இரத்தம் இதில் எது வந்தாலும் 999.

வீட்டில் உள்ளவர்கள் தட்டை உற்றுப் பார்க்காமல் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள், முடிந்தபின் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். தீபாவளி விருந்தில் "என்னடி, இப்படிப் பெருத்துட்ட?" என்று அத்தை ஆரம்பித்தால், பிள்ளை பதில் சொல்லும்வரை காத்திருக்காமல் அம்மாவே, "அக்கா, உடம்பைப் பத்தி இன்னிக்குப் பேச வேணாம்" என்று முடித்துவிட வேண்டும்.

சிகிச்சை தொடங்கும் இடம் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அங்கிருந்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555, அல்லது எந்நேரமும் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929. டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வெட்கமா? ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் பட்டினி, எத்தனை தடவை கட்டுமீறித் தின்றது, வாந்தியோ மாத்திரையோ உண்டா, கடைசியாக மாதவிலக்கு எப்போது, மயங்கியது உண்டா. கீழே ஒரு வரி: "பொட்டாசியமும் இசிஜியும் (இதயத்துடிப்புப் பதிவு) பார்க்க வேண்டும்."