துபாயில் இருந்தபடி கோத்தகிரி வீட்டை விற்பது எப்படி?

அப்பா போனபின் பூட்டியே கிடந்த கோத்தகிரி வீட்டை 2025 பிப்ரவரியில் விற்றேன். முதல் புரோக்கரைப் பிடித்ததிலிருந்து கிரயம் முடியும்வரை ஒரு நாள்கூட ஊர்ப்பக்கம் போகவில்லை. எப்படி முடிந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே.

1. காகிதங்கள்

வில்லங்கம், பட்டா, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அக்கா தன் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள், அதனால் கையெழுத்து என் ஒருவனுடையதுதான். மூலப் பத்திரத்தை மட்டும் புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும். வாங்குகிறவரின் வக்கீல் அசலைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் ஆள் எடுத்துப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரட்டும்.

2. விற்கும்வரை வீட்டைக் காப்பது

முதலில் பிடித்த புரோக்கரிடம் சாவியைக் கொடுத்தேன். "சார், வாரா வாரம் திறந்து காத்தாட வைக்கிறேன்" என்றார். நவம்பரில் தோட்டத்துப் படம் ஒன்று அனுப்பினார். வாசல் ஜகரந்தா நீலமாகப் பூத்து நிற்கிறது! அது பூப்பது மார்ச், ஏப்ரலில். கோத்தகிரியில் நவம்பர் என்றால் மழையும் மண்சரிவுமாக இருக்கும். பழைய படத்தை அனுப்பியிருக்கிறார்.

சந்தேகம் வந்து மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பழைய பில்களைத் தோண்டினேன். வீட்டு இணைப்புக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், பூட்டிய வீட்டுக்குப் பில்லே வரக்கூடாது. எங்கள் வீட்டில் சீசன் கணக்கில் மட்டும் 400 யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தது. கெய்சர், ஹீட்டர் எல்லாம் போட்டு டூரிஸ்ட்களுக்கு நாள் வாடகைக்கு விட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து எனக்கு கேமராவைவிட மின் பில்தான் நம்பிக்கை. கேமரா வைஃபை போனால் செத்துவிடும், மீட்டர் அப்படியில்லை. சாவி எதிர்வீட்டு மாமாவிடம் போனது. புரோக்கர் ஆள் கூட்டிவரும்போது மாமா வந்து திறந்துவிடுவார்.

இன்னொன்று: சமையலறையில் எண்ணெய், மாவு, வெல்லம் எதையும் விட்டுவைக்காதீர்கள். கரடி வாசனை பிடித்துக் கதவை உடைக்கும். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் நடந்திருக்கிறது.

3. புரோக்கர் வேறு, பவர் ஏஜென்ட் வேறு

இரண்டும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதம். புரோக்கர் ஆள் கூட்டிவரட்டும், விலை பேசட்டும். உங்களுக்குப் பதில் கையெழுத்துப் போடும் பவர் ஏஜென்ட் உறவுக்காரராக இருக்கட்டும். நான் குன்னூரில் இருக்கும் அத்தை மகனுக்குப் பவர் கொடுத்தேன். "அத்தான், உங்களுக்கு வேலை இரண்டே நாள்" என்றுதான் சொன்னேன். எட்டு மாதம் அலைந்தார் பாவம்.

புரோக்கரிடம் கமிஷன் எவ்வளவு, எப்போது, குறைந்தபட்ச விலை என்ன என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் 2 சதவீதம் பேசினேன், பத்திரம் பதிந்த அன்றுதான் கொடுத்தேன்.

4. பவர் பத்திரம் (நான் வழுக்கி விழுந்த இடம்)

இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்திட்டுச் சான்று வாங்கிக் கூரியரில் அனுப்பினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடக்கும் இந்த வேலையை வக்கீல்கள் 'அட்ஜுடிகேஷன்' என்பார்கள். அத்தானுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பவர் அவர் பீரோவில் நான்கு மாதம் பத்திரமாகத் தூங்கியது. வக்கீல் பார்த்துவிட்டு, "புதுசா எழுதிடுங்க, அதுதான் சுலபம்" என்றார். மறுபடி லீவு, மறுபடி தூதரகம், மறுபடி கூரியர்.

இரண்டாவது முறை கற்றுக்கொண்டவை:

கூரியர் கவரைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

பொதுப் பவர் வேண்டாம். இந்தச் சர்வே எண், இந்த வீடு, இந்த விலைக்குக் குறையாமல் என்று குறிப்பாக எழுதுங்கள். பணம் வாங்கும் அதிகாரத்தைக் கொடுக்காமல், 'கிரயத் தொகை நேரடியாக என் என்ஆர்ஓ கணக்கில்' (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) என்று ஒரு வரி சேர்த்தேன். அத்தான்மேல் சந்தேகமில்லை. அவர்மேல் பழி வரக்கூடாது, அவ்வளவுதான்.

கிரயத்துக்குத் தேதி குறித்ததும் உயிர்வாழ் சான்று வாங்குங்கள். பவர் எழுதி 30 நாள் தாண்டிவிட்டால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று இல்லாமல் சார்பதிவாளர் பதியமாட்டார். அதுவும் 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். முன்கூட்டியே வாங்கிவைத்தால் வீண்.

5. வரி

உள்ளூர்க்காரர் 50 லட்சமோ அதற்கு மேலோ விற்றால் வாங்குகிறவர் விலையில் 1 சதவீதம் வரியாகப் பிடித்தால் போதும். வெளிநாட்டுவாசி விற்றால் அந்தக் கணக்கு செல்லாது. நான் விற்றபோது நீண்டகால ஆதாயத்துக்கு, அதாவது விற்றதில் வந்த லாபத்துக்கு, 12.5 சதவீதம், அதன்மேல் செஸ் (வரிமேல் வரி). ஆதாயத்துக்கு மட்டும் பிடிக்கச் சொல்லி வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்காவிட்டால், முழு விலைக்கும் பிடித்துவிடுவார்கள். அப்புறம் ரிட்டர்ன் போட்டுத் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எங்களிடம் வாங்கிய கோயம்புத்தூர்க்காரர் 1 சதவீதக் கணக்கோடுதான் வந்தார். அவருடைய ஆடிட்டரிடம் நானே போனில் பேசினேன். இதை மட்டும் புரோக்கர் வாயிலாகப் பேசாதீர்கள்.

பின்சேர்க்கை 1: தன் வீட்டோடு அரை ஏக்கர் தேயிலையும் இருக்கிறது, அதையும் விற்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தோட்ட நிலத்தை வெளிநாட்டுவாசி விற்கலாம், ஆனால் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க முடியும். ஷார்ஜாவில் இருக்கும் நண்பருக்கு விற்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: வாங்க வருகிறவர்களிடம் இ-பாஸ் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும். எங்கள் வீட்டைப் பார்க்க வந்த ஒரு குடும்பம் பாஸ் இல்லாமல் மேட்டுப்பாளையம்வரை வந்து, சோதனைச் சாவடியோடு திரும்பிப் போனது. மறுபடி வரவேயில்லை.