கல்யாணக் கேக் எத்தனை கிலோ? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணத்துக்குக் கேக் சொல்லப் போனால் பேக்கரிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேர்?" என்பதுதான். நாமும் பத்திரிகைக் கணக்கை மனதில் வைத்து எழுநூறு என்போம். அவர் ஒரு கிலோக் கணக்கைச் சொல்வார், நாம் தலையாட்டிவிட்டு வருவோம். எங்கள் பக்கம், பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும், கிறிஸ்தவக் கல்யாணங்களில் கேக் மிஞ்சுவதும் பாதிப் பேருக்குக் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கேக்கை எந்த நேரத்தில் கொடுக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நேரம் மாறினால் கிலோவும் மாறும்.

எழுநூறு பேர் வரும் கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். கோயிலில் ஆராதனை முடிந்து மண்டபத்துக்கு வந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டும்போது உட்கார்ந்திருப்பவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். மற்றவர்கள் நேராகப் பந்திக்கு வருகிறவர்கள். வெட்டிய கையோடு கொடுப்பதென்றால் இந்த முந்நூறும், வேலை செய்கிறவர்களுக்கு ஒரு முப்பதும் போதும். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுப்பதால் துண்டு 30 கிராம் இருந்தால் போதுமானது. வெட்டும்போது உதிர்வதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 11 கிலோ. இதே கேக்கைப் பந்தியில் இலையில் வைப்பதென்றால் எழுநூறு பேருக்கும் வேண்டும். 21 கிலோவுக்கு மேல் போய்விடும். பிரியாணி பரிமாறும் வாழையிலையில் கேக் வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. குழம்பும் தயிர்ப்பச்சடியும் பட்டு ஊறி, பாதி இலையோடு போகிறது. மாலைக் கல்யாணத்தில் மிக்சர், காபியோடு கொடுத்தால் அந்த நேரத்துக்கு அதுதான் பலகாரம். அப்போது 30 கிராம் துண்டு தட்டில் பார்க்கவே சங்கடமாக இருக்கும், 50 கிராம் வேண்டும். ஒரே கல்யாணம், ஒரே கூட்டம், ஆனால் கணக்கு இரண்டு மடங்குக்கு மேலேயே வித்தியாசப்படுகிறது.

அடுத்த தவறு வெயிலை மறப்பது. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்களில் நம் சபைகளில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் ஈஸ்டர் முடிந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் கல்யாணங்கள் வரிசையாக வரும். பாளையங்கோட்டையில் அந்த மாதங்களில் 38 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஃப்ரெஷ் க்ரீம் கேக் ஃப்ரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பட்டர் க்ரீமும் அந்தச் சூட்டில் இளகிவிடும், வெண்ணெயின் இயல்பு அது.

என் அக்கா மகள் கல்யாணம் மே மாதத்தில் நடந்தது. ஏசி இல்லாத மண்டபம். கேக் காலை ஒன்பது மணிக்கே மேடைக்கு வந்துவிட்டது. மூன்று அடுக்கு, வெள்ளை க்ரீம், ஓரத்தில் இளஞ்சிவப்பு ரோஜாக்கள். ஆராதனை பத்தரைக்குத் தொடங்கி, படம் பிடித்து, ஊர்வலமாக வந்து கேக் வெட்டும்போது மணி ஒன்றே கால். பன்னிரண்டு மணி வாக்கில் நான் மேடைப் பக்கம் போனேன். நடு அடுக்கில் இருந்த ஒரு ரோஜா மெதுவாக வழுக்கிக் கீழ் அடுக்கின் விளிம்பில் வந்து நின்றிருந்தது. தொட்டுப் பார்த்தேன், க்ரீம் விரலோடு எண்ணெய்ப் பசையாக வந்தது. படத்தில் கேக் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் அதைத் துண்டு போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அக்காவிடம் சொல்லி நிறுத்திவிட்டோம். அவ்வளவு செலவும் அன்றைக்கு வீண்.

கேக் வந்து சேர வேண்டிய நேரத்தைக் கல்யாண நேரத்திலிருந்து கணக்குப் போட்டதுதான் எங்கள் பிழை. வெட்டும் நேரத்திலிருந்து பின்னால் எண்ணியிருக்க வேண்டும். ஒரு மணிக்கு வெட்டு என்றால் பன்னிரண்டரைக்குக் கேக் வந்தால் போதும். வெயில் மாதத்தில் க்ரீமே வேண்டாம், ப்ளம் கேக்கோ வெண்ணெய் கேக்கோ சொல்லுங்கள் என்பேன். ஃபாண்டன்ட், அதாவது சர்க்கரையில் பிசைந்து தேய்த்த விரிப்பு, போர்த்திய கேக் வெயிலைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் நம் கடற்கரைக் காற்றில் மேலே வியர்த்துப் பிசுபிசுக்கும்.

மேடையில் நிற்கும் கேக்கையே வெட்டி எல்லோருக்கும் கொடுக்க நினைப்பதும் தவறு. முதலில், அந்த எடையில் எல்லாமே கேக் கிடையாது. பத்துக் கிலோ என்றால் க்ரீமும் ஃபாண்டன்டும் அதற்குள் அடக்கம். சில சமயம் கீழ் அடுக்கு தெர்மகோலாகவும் இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அழகுக்காகச் செய்வது. சாப்பிட எத்தனை கிலோ என்பதை மட்டும் ஆர்டர் சொல்லும்போதே தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், அடுக்கைப் பிரித்து, உள்ளே தாங்கி நிற்கும் குச்சிகளை உருவி, முந்நூறு துண்டு போட ஒரு ஆளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வாழ்த்துரை முடிந்து ஜெபமும் முடிந்துவிடும். கடைசி ஆமென் சொன்ன பிறகு நம் ஊரில் யாரும் கேக்குக்குக் காத்திருக்க மாட்டார்கள், பந்திக்கு எழுந்துவிடுவார்கள். வெட்டிய கேக் தட்டுத் தட்டாக அப்படியே நிற்கும்.

அதனால் மேடைக்கு இரண்டு கிலோவில் ஒரு சின்ன கேக் போதும். மற்றதெல்லாம் அடுக்கில்லாத தட்டையான ஸ்லாப் கேக்காகப் பின் அறைக்கு. 12 அங்குலத்துக்கு 18 அங்குல ஸ்லாபை 2 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலமாகப் போட்டால் 72 துண்டுகள். ஐந்து ஸ்லாபில் 360. மேடையில் ஆராதனைப் பாட்டு நடக்கும்போதே பின்னால் வெட்டி, தட்டில் அடுக்கி, மேலே பட்டர் பேப்பர் மூடி வைத்துவிடலாம். மூடாமல் மின்விசிறிக்குக் கீழே வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஓரம் காய்ந்துவிடும். மேடையில் கைதட்டல் கேட்டதும் தட்டுகள் வெளியே வர வேண்டும். முதல் வாழ்த்துரை முடிவதற்குள் எல்லோர் கையிலும் கேக் இருக்கும்.

தட்டு எடுக்கிற பையன்கள் எப்போதும் முன் வரிசையிலிருந்து தொடங்குவார்கள். முன் வரிசையில் நெருங்கிய சொந்தம், சிலர் இரண்டு எடுப்பார்கள். பின்னால் தூரத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் வெறுங்கையோடு இருப்பார்கள். இரண்டு பேரைக் கடைசி வரிசையிலிருந்தும் தொடங்கச் சொல்லுங்கள். பாடகர் குழு, சபை ஊழியரான உபதேசியார், வேன் டிரைவர்கள், சமையல்கட்டில் நிற்பவர்கள், இவர்களுக்கான தட்டை முதலிலேயே தனியாக எடுத்து வைக்க வேண்டும். மிஞ்சினால் கொடுக்கலாம் என்று விட்டால் மிஞ்சாது.

பாட்டிமார்களைக் கவனித்திருப்பீர்கள். ஒரு வாய் கடித்துவிட்டு மீதியை டிஷ்யூ பேப்பரில் மடித்துக் கைப்பைக்குள் வைப்பார்கள், வீட்டில் இருக்கும் பேரனுக்கு. அதைத் தடுக்கவே கூடாது, கல்யாண வீட்டுக் கேக் ஒரு துண்டாவது வீடு போய்ச் சேர வேண்டும் என்பது ஒரு அன்பு. அந்த அன்புக்கு ஏற்றபடி திட்டம் போடலாம். இலங்கையில் இதை அழகாகச் செய்கிறார்கள். ரவை, முந்திரி, சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணி எல்லாம் சேர்த்த ரிச் கேக்கைச் சின்னத் துண்டுகளாகச் சுற்றிப் பெட்டியில் போட்டு விருந்தினர் கையில் கொடுப்பார்கள். இங்கிலாந்திலும் இந்தப் பழக்கம் பழையது. 1840இல் விக்டோரியா மகாராணி கல்யாணத்தில் 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ கேக் செய்து துண்டுகளைப் பெட்டியில் அனுப்பினார்கள்.

நாமும் பந்தி முடிந்து கிளம்பும்போது குடும்பத்துக்கு ஒரு பெட்டி கொடுக்கலாம். இங்கே தலையை எண்ணக் கூடாது, குடும்பத்தை எண்ண வேண்டும். எழுநூறு பேர் என்றால் 250 பெட்டி, ஒன்றில் 60 கிராம் ப்ளம் கேக், ஆக 15 கிலோ. ப்ளம் கேக்கில் சர்க்கரையும் உலர்ந்த பழமும் இருப்பதால் வெளியில் வைத்தாலும் சீக்கிரம் கெடாது. இரண்டு வாரம் முன்னாலேயே சுட்டு, முந்தின நாள் வெட்டிச் சுற்றி வைத்துவிடலாம். சூட்டோடு வெட்டினால் பொடிந்துவிடும். பெட்டி கொடுப்பதென்று முடிவெடுத்தால் மண்டபத்துக்குள் தட்டு வேண்டாம். இரண்டையும் வைத்துக்கொள்வதில்தான் செலவு தெரியாமல் ஏறுகிறது.

முட்டை சேர்க்காத கேக் கொஞ்சம் தனியாக இருக்கட்டும். தெருவில் பக்கத்து வீட்டுக்காரர்கள், அலுவலக நண்பர்கள் என்று சைவம் சாப்பிடுகிறவர்கள் மனதார வந்திருப்பார்கள். அதற்குத் தனிக் கத்தி, தனித் தட்டு. ப்ளம் கேக்கில் ரம் ஊறியிருந்தால் அதையும் கேட்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

அந்த மே மாதக் கல்யாணத்தன்று சாயங்காலம் நாலரை மணிக்கு எல்லோரும் போன பிறகு, என் அக்கா மகள் நகையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "சித்தி, எங்களுக்கு ஏதாவது கேக் இருக்கா? வாயில வச்சது ஒரே ஒரு கடி." அன்றைக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. அதிலிருந்து நான் போகிற எந்தக் கல்யாணத்திலும் முதல் ஸ்லாபை வெட்டியதும் நாலு துண்டை ஒரு டப்பாவில் போட்டு, மாப்பிள்ளை பெண் பெயரை எழுதி, மணமகள் அறையில் வைத்துவிட்டுத்தான் மற்ற தட்டுகளைத் தொடுகிறேன்.